மணலில் வெந்த கேக்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். முதலில் தெரிந்தது ஒரு குடை. கறுப்புக் குடை, ஒரு கம்பி துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. செம்மண் சரிவில் அது நிதானமாக ஏறி வந்தது. குடைக்குக் கீழே ஓர் ஆணின் கால்கள், பக்கத்தில் மஞ்சள் செருப்புப் போட்ட இரண்டு சின்னக் கால்கள். மழை இல்லை. வெயிலுக்காகப் பிடித்திருந்தார்.

அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கொடுத்து அம்மா என்னை வாசலில் நிறுத்தியிருந்தாள். விருந்தாளியின் தலை தெரிந்ததும் உள்ளே சொல்ல வேண்டும். உடனே சித்தி கேக்கை அடுப்பில் ஏற்றுவாள். போர்ட் பிளேர் பேக்கரியில் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் செய்தது என்று சொல்கிறார்கள் என யாரும் நினைத்துவிடக் கூடாது, அவர் மூக்குக்கு எதிரிலேயே வெந்து இறங்க வேண்டும் என்பது அம்மாவின் திட்டம்.

"மூணு பத்து!" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

"கத்தாத புள்ள, அவரு காதுல விழப்போவுது" என்று அம்மா என்னைவிட உரக்கக் கத்தினாள்.

வந்தவர் சௌல்தாரி என்ற ஊர்க்காரர். சாத்தம் மர மில்லில் வேலை. மனைவி மஞ்சள் காமாலையில் இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கூட வந்தது அவர் மகள். சித்தியைப் பார்க்கத்தான் அவர் வந்தார். ஆனால் பெண் பார்க்க வருகிறார் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை வாயில் எடுக்கப் பெரியவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணமாகி ஒரு வருடம் நிறையும் முன்பே சித்தப்பாவைத் தண்ணீர் கொண்டுபோனது. அவர் உடல் கிடைக்கவில்லை.

நாங்கள் நிக்கோபாரில் கச்சால் தீவுக்காரர்கள். அதற்கும் முன்னால் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். அங்கிருந்து அனுப்பப்பட்டு, ரப்பர் மரத்தில் பால் எடுக்கக் கச்சாலில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சுனாமிக்குப் பிறகு கப்பலில் ஏற்றி போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச காலம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். பிறகு வண்டூர் போகும் சாலையிலிருந்து பிரிந்த ஒரு சரிவில் தகரக் கொட்டகை வரிசையில் ஓர் அறை கிடைத்தது. நான் சொல்வது அங்கே எங்களுடைய இரண்டாவது மழைக்காலத்தில் நடந்தது. எனக்குப் பத்து வயது.

சுவரும் தகரம், கூரையும் தகரம். நடுப்பகலில் உள்ளே உட்கார முடியாது. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மழை இல்லாத நேரத்தில் எல்லார் வீட்டுப் பேச்சும் எல்லாருக்கும் கேட்கும். தடுப்புகள் கூரையைத் தொடவில்லை. எங்கள் சமையல் மூலை ஒரு தார்ப்பாயால் மறைக்கப்பட்டிருந்தது. அதுவும் நிவாரணத்தில் வந்தது.

அந்த வரிசையில் பெரியவர்கள் பார்த்த முக்கியமான வேலை காத்திருப்பது. தண்ணீர் லாரிக்காக, நிரந்தர வீட்டுக்காக, கச்சாலுக்குத் திரும்பப் போகலாமா கூடாதா என்ற செய்திக்காக. காத்திருக்கும் முகங்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டிருந்தன. அம்மா பாத்திரம் துலக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டு அப்படியே குந்தியிருப்பாள். அப்பா சாலை வேலைக்குப் போய் வந்து, சட்டையைக் கழற்றாமல் தூங்கிப்போவார்.

சித்தி மட்டும் சும்மா இருக்க மாட்டாள். நிவாரணப் பெட்டிகளைக் கட்டி வந்த பிளாஸ்டிக் பட்டைகளைப் பிரித்து, நீலமும் வெள்ளையுமாகத் தட்டுகள் முடைந்தாள். பிஸ்கட் உறைகளின் வெள்ளித் தாளில் பூச் செய்து ஆணியில் குத்தினாள். பால்பவுடர் டின்னில் காசித்தும்பை வளர்த்தாள். மழைக்குப் பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு சரிவுக்கு அப்பால் இருந்த பழைய ரப்பர் மரங்களுக்கடியில் கொட்டை பொறுக்குவாள். புள்ளி போட்ட அந்தக் கொட்டைகளைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் கண்ணாடி மாதிரி மின்னும். ஒடிந்து விழுந்த கிளையில் ஒட்டியிருந்த ஆர்க்கிட் செடி ஒன்றைக் கிளையோடு தூக்கி வந்து வாசலில் சாய்த்து வைத்தாள். கடற்கரைக்கு மட்டும் போக மாட்டாள். சிப்பி, சங்கு எதுவும் அவள் கைவேலையில் கிடையாது.

"இவளுக்கு எங்கருந்துதான் இதுக்கெல்லாம் தெம்பு வருதோ" என்பாள் அம்மா. அதில் பாராட்டு எதுவும் இல்லை.

கேக் செய்யச் சித்தி கச்சாலில் ஒரு மலையாள டீச்சரிடம் கற்றிருந்தாள். அகலமான அலுமினியச் சட்டியில் மணலைப் பரப்பி, மூடி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சூடாக்க வேண்டும். சாலைக் கான்ட்ராக்டரின் குவியலிலிருந்து அப்பா அள்ளி வந்த மணல் அது. மணல் நன்றாகச் சுட்டதும் மாவு ஊற்றிய டின்னை அதன் நடுவில் இறக்கி, மூடி மேல் கல் வைத்து, திரியைத் தணித்துவிட வேண்டும். பிறகு அவசரப்படக் கூடாது. மாவில் வாழைப்பழமும் வெல்லமும் தேங்காய்ப்பூவும் இருக்கும். முட்டை பக்கத்து வீட்டு வங்காளி தீதியின் வாத்து போட்டது. வேகும் வாசனை தகரத் தடுப்புகளுக்கு மேலாக வரிசை முழுவதும் போகும். அது போய்ச் சேர்ந்த வீடுகளிலிருந்து குழந்தைகள் வந்து சேரும்.

ஒரு விஷயத்தை இங்கே விளக்க வேண்டும். அந்த நாட்களில் எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீட்டிலும் நிலநடுக்கத்தை அறிவிக்க ஏதாவது ஒன்று இருந்தது. சிலர் தட்டில் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தினார்கள். சிலர் எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பூமி ஆடினால் விழும்; விழுந்தால் ஓடலாம். ஆனால் பூனை போனாலும் விழுந்தது, எலி போனாலும் விழுந்தது. விழுந்தபோதெல்லாம் எல்லாரும் சரிவின் உச்சியில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினோம்.

சித்திக்கு இந்தக் கண்டாமுண்டாச் சத்தம் பிடிக்கவில்லை. பால்பவுடர் டின் மூடிகளை வட்டமாக வெட்டி, மூங்கில் துண்டுகளும் ரப்பர் கொட்டைகளும் சேர்த்துக் கோத்து, ஒரு தொங்கல் செய்தாள். காற்றுப் படாத இடமாகப் பார்த்து, அறைக்கு நடுவில் கூரைக் கட்டையில் மாட்டினாள். பூமி அசைந்தால் மட்டுமே அது அசையும். ஒருமுறை உண்மையாகவே நடுங்கியபோது எல்லார் டம்ளருக்கும் முன்னால் அதுதான் கிணுகிணுத்தது. அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் மற்ற அடுக்குகளை எடுத்துவிட்டார்கள். சித்தியின் தொங்கல் எங்கள் வரிசையின் சைரன் ஆனது.

விருந்தாளி வந்த அன்று காலையில் அம்மா அதைக் கழற்றினாள். அவர் உயரமானவர் என்று கேள்வி, தலையில் இடிக்கும். ஒளித்துவைக்கவும் மனமில்லை. இத்தனை நாள் குப்பை என்று அவள் சொல்லிவந்த பொருட்கள் எல்லாம் அன்று ஒரே நாளில் தகுதிச் சான்றுகளாக மாறியிருந்தன. தட்டுகளைத் துடைத்து அலமாரியில் நிறுத்தினாள். வெள்ளிப் பூக்களை ஆள் கண்ணில் படும் சுவருக்கு மாற்றினாள். தொங்கலை வாசலில் கூரை இறக்கத்தில், வருகிறவர் முதலில் பார்க்கும் இடத்தில் மாட்டினாள். அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

அவர் குடையை மடக்கி, தொங்கலுக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். சொன்ன அளவு உயரமில்லை. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், களைத்த முகம். பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். மகளுக்கு ஐந்தாறு வயது. அவள் வாசலிலேயே நின்று தொங்கலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா பேரு என்னாம்மா?" என்றாள் அம்மா.

பாப்பா தொங்கலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேசுவா. கொஞ்சம் நேரமாவும்" என்றார் அவர்.

அப்பா மழையைப் பற்றிப் பேசினார். வந்தவர் தன் வயலைப் பற்றிச் சொன்னார். சுனாமியில் நிலம் தாழ்ந்து, உப்புத் தண்ணீர் ஏறிய வயல் இன்னும் வடியவில்லை. புது நெல் விட்டுப் பார்த்தேன், கருகிவிட்டது, மறுபடி விட்டேன், மறுபடி கருகிவிட்டது என்று யாருடைய வயலையோ பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார். அம்மா ஒரு தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதெல்லாம் எந்தங்கச்சி கைவேலதாங்க. பெட்டி கட்டுற பட்டையில."

"அச்சா." அவர் தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். முனைகளை எங்கே செருகி மறைத்திருக்கிறது என்று விரலால் தேடினார். "முடிச்சே தெரியலீங்களே. எங்க மில்லுல மரச்சுருள் நெறைய விழும். படாக் மரத்துச் சுருளு, செவப்பா இருக்கும். அதுல பூவு செஞ்சா நல்லா இருக்கும்னு நான் நெனைப்பேன். வேணும்னா ஒரு சாக்குல கொண்டாந்து தாரேன்."

தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து சித்தியின் குரல் வந்தது. "சுருளு எவ்வளவு நீளம் வருங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

"இந்தா, இவ்வளவு." சித்தியால் பார்க்க முடியாது என்பதை மறந்து, தார்ப்பாயை நோக்கி அவர் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை காட்டினார். பிறகு தான் செய்ததை உணர்ந்து சிரித்துவிட்டார். "ஒரு மொழம் வருங்க."

"தண்ணியில ஊறவெச்சா ஒடியாதுங்களா?"

"சுடுதண்ணியா இருந்தா ஒடியாது."

சித்தி பிறகு டீயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நீலச் சேலை. மூக்கின் மேல் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. அம்மா கண்ணால் சைகை செய்தும் அவளுக்குப் புரியவில்லை. அவர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் டீயை வாங்கினார். கேக் மணக்கத் தொடங்கியிருந்தது. சின்னவள் முதல்முறையாக வாய் திறந்தாள்.

"அது என்னா வாசன?"

"ஒனக்குத்தான் வேவுது. இன்னுங் கொஞ்ச நேரம்" என்றாள் சித்தி.

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் காற்று வந்தது. மழைக்கு முன்னால் மலைப்பக்கமிருந்து இறங்கும் காற்று. வாசல் தொங்கல் ஒரே நொடியில் வெறிபிடித்ததுபோல் அடித்துக்கொண்டது. பக்கத்து அறையில் தூக்கத்திலிருந்த தீதி எழுந்து "பூகம்ப்! பூகம்ப்!" என்று அலறினாள். அதற்கு அடுத்த அறையும் அலறியது. அந்த வாரத்தில்தான் ஒரு நடுக்கம் வந்துபோயிருந்தது. எல்லாரும் அரைத் தூக்கத்திலும் செருப்பு எங்கே இருக்கிறது என்று அறிந்திருந்த நேரம். யாரும் யோசிக்கவில்லை. தொங்கல் அறைக்குள் இல்லை என்பது அதை மாற்றி மாட்டிய அம்மாவுக்கே ஞாபகம் வரவில்லை. அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். விருந்தாளி எழுந்து மகளைத் தூக்கிச் சித்தியின் இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பாப்பாவக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் வாரேன்."

தண்ணீர்த் தொட்டி வரை ஓடினோம். வங்காளத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆள் சரிபார்த்தார்கள். சித்தியின் சேலை முழங்கால்வரை சேறு. சின்னவள் அவள் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தோளில் முகம் புதைத்திருந்தாள். அம்மா மூச்சு வாங்கியபடியே அந்தக் காட்சியைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் பல மாதங்களாக நான் பார்க்காத ஒன்று இருந்தது. நிம்மதி.

"ஒட்டிக்கிச்சு பாத்தீங்களா" என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

சித்தி இதைக் கேட்கவில்லை. அவள் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் ஏறி வந்துவிட்டார்கள். பாதை காலியாக இருந்தது.

"பாப்பா அப்பா எங்க?" என்றாள்.

யாரும் கவனித்திருக்கவில்லை. பூமி ஆடுகிறதா என்று எல்லாரும் தொட்டிச் சுவரில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடவில்லை. மழை பிடித்தது. கீழிருந்து தொங்கலின் சத்தம் இன்னும் கேட்டது. தீதிதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"அரே, வோ தோ பாஹர் டாங்கா ஹை!" வெளியே அல்லவா மாட்டியிருக்கிறது! வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு ஒவ்வொருவராகத் தொற்றியது. ஆனால் அது நீளவில்லை. நனைந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இறங்கிப்போகக்கூட யாருக்கும் உடனே தெம்பு இருக்கவில்லை. ஒரு தெலுங்குக்காரர் அம்மாவைப் பார்த்து, "அம்மா, இனி அதுக்குப் பதிலா நீயே சத்தம் போடு, போதும்" என்றார்.

சித்தி மட்டும் அதற்குள் பாதையில் இறங்கிவிட்டாள். குழந்தையோடு ஓடினாள். ஏறியதைவிட வேகமாக. நான் பின்னாலேயே ஓடினேன், கேக் கருகியிருக்கும் என்ற கவலையில்.

கருகவில்லை. அவர் ஸ்டவ்வுக்கு எதிரில் குந்தியிருந்தார். மூடிமேல் இருந்த கல் ஓரமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. கேக் டின் பழந்துணி சுற்றிக் கீழே இறக்கப்பட்டிருந்தது. ஸ்டவ் அணைந்திருந்தது. கையில் ஒரு ஈர்க்குச்சி வைத்திருந்தார், குத்திப் பார்த்திருக்கிறார்.

சித்தி தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீங்க வரலியா?"

"வரலாம்னுதான் எந்திரிச்சேன். அடுப்பு எரியுதேன்னு பாத்தேன். விட்டா அடிப்புடிச்சிருக்கும். பாப்பாவுக்குன்னு வேற சொன்னீங்க." ஈர்க்குச்சியைத் தூர வைத்தார். "ஓடி ஓடி அலுத்துப்போச்சுங்க. வந்தா வரட்டும்னு ஒக்காந்துட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். தன் வயலைப் பற்றிச் சொன்ன அதே குரல். சித்தி குழந்தையை இறக்கி அவர் பக்கத்தில் நிறுத்தினாள். கழுத்தைச் சுற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அம்மாவும் அப்பாவும் வந்து சேர்ந்தார்கள். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா, ஊரே ஓடுது, இவரு கேக்கக் காப்பாத்தியிருக்காரு!" அப்பா அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தார், நனையாத ஒரே ஆள் அவர் என்பது கொடுத்த பிறகுதான் தெரிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. எத்தனையோ முறை நாங்கள் எல்லாரும் ஓடியிருக்கிறோம். ஓடாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதரை அப்போதுதான் பார்த்தேன்.

சித்தி கேக்கை வெட்டினாள். மேலே பொன்னிறம், அடியில் மட்டும் கொஞ்சம் அழுத்தமான பழுப்பு. அவள் செய்ததிலேயே சிறந்தது அதுதான். முதல் துண்டைச் சின்னவளுக்குக் கொடுத்தாள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக அவருக்குக் கொடுத்தாள். தான் சாப்பிடவில்லை. பிறகு தார்ப்பாய்க்குப் பின்னால் போனாள். அம்மா பின்தொடர்ந்தாள். நான் இன்னொரு துண்டுக்காக ஓரத்தில் நின்றேன்.

"வேணாங்க்கா."

"என்னாடி வேணாம்?"

"இவரு வேணாம்."

"ஏய், மெதுவா பேசு. என்னா கொற கண்ட? குடி கெடையாது. வேல இருக்கு. அந்தப் புள்ள ஒன்ன உடும்பு மாதிரி புடிச்சிக்கிட்டிருந்திச்சு, நான் பாத்தேன்."

"புள்ள நல்ல புள்ளதான்."

"அப்புறம்?"

"அவரு ஓடலக்கா."

"காத்துக்கு எதுக்குடி ஓடணும்?"

"காத்துன்னு அவருக்கும் தெரியாதுல்ல."

மழை பலத்து, அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. வாசல்பக்கம் திரும்பினேன். அவர் பாதிக் கேக்கைக் கையில் வைத்திருந்தார். மென்றுகொண்டிருந்தது நின்றிருந்தது. தடுப்புகள் கூரையைத் தொடாத வீடு என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். சத்தமான மழை சற்றுத் தாமதமாக வந்துவிட்டது.

மழை விட்டதும் புறப்பட்டார். சொல்லி அனுப்புகிறோம் என்றார் அப்பா. பரவாயில்லீங்க என்றார் அவர். மீதிக் கேக்கைச் சித்தி தாளில் சுற்றிச் சின்னவள் கையில் கொடுத்தாள். சரிவில் இறங்கும்போது சின்னவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. குடையை விரிக்கவும் இல்லை.

அடுத்த வாரம் சாத்தத்திலிருந்து ஒரு சாக்கு வந்தது. அப்பாவோடு வேலை செய்கிறவர் தோளில் சுமந்து வந்தார். நிறையப் படாக் சுருள்கள், ரத்தச் சிவப்பில், ஒடியாமல், ஒவ்வொன்றும் ஒரு முழம் இருந்தன. சித்தி மனம் மாறிவிட்டாள் என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் அன்று மாலையே தண்ணீர் சுட வைத்தாள். சுருள்களை ஊறவைத்துப் பூக்கள் செய்தாள். மழைக்காலம் முழுவதும் செய்தாள். வரிசையில் எல்லார் கதவிலும் ஒன்று இருந்தது. ஆனால் பதில் மாறவில்லை. அவர் பிறகு பாம்பூஃப்ளாட்டில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டோம்.

எனக்குச் சித்தி மேல் கோபம் பல மாதங்கள் இருந்தது. தைரியமான ஒருவரை, கேக் பதம் பார்க்கத் தெரிந்த ஒருவரை, இவ்வளவு சின்னக் காரணத்துக்காக வேண்டாம் என்பதா? ஓடுவது பயந்தவர்கள் வேலை என்று அந்த வயதில் உறுதியாக நம்பினேன். அம்மாவிடம் கேட்டேன். ஒனக்கு வேற வேல இல்லையா என்றாள். சித்தியிடம் கேட்டதற்கு, ஊசி கோத்துத் தரச் சொன்னாள். கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அப்பா ஒருநாள் சொன்னார்.

கச்சாலில் பூமி ஆடிய அந்தக் காலை, சித்தப்பா சித்தியைக் காட்டுப்பாதையின் மேடு வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். வீட்டில் அடுப்பில் பால் இருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழே போயிருக்கிறார்.